உன் மகள் கையில் குத்தக் கேட்கும் வரி

என் செல்லத் தம்பி ரஞ்சன்,

உனக்குக் கடிதம் எழுதிப் பல வருஷமாகிவிட்டது. போன் வந்த பிறகு யார் எழுதினார்கள்? இப்போது போனிலும் நீ இல்லை. அதனால் பழையபடி பேனாவைத் தூக்கியிருக்கிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுதாக வாசி.

உன் மகள் மீரா வந்திருக்கிறாள். உன் செத்தவீடு முடிந்து நாலு மாதத்தில், நோர்வேயிலிருந்து தனியாக. உப்புவெளியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். தினமும் பின்னேரம் நாலு மணிக்கு ஆட்டோவில் அன்புவழிபுரத்துக்கு என்னிடம் வந்துவிடுவாள். அதே நெற்றி, அதே அவசர நடை. தமிழில் அவளுக்குத் தெரிந்தது 'மாமி', 'போதும்' என்ற இரண்டு சொல்தான். மற்றதெல்லாம் எங்களுக்குள் இங்கிலீஷில்தான்.

வந்த அன்று உன் செத்தவீட்டைப் பற்றிச் சொன்னாள். மண்டபத்தில் உன் சிநேகிதர்கள் ஒவ்வொருவராக எழும்பி உன்னைப் பற்றிக் கதைத்தார்களாம். சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்ததாம். முன் கதிரையில் இருந்த உன் மகள், "என்ன சொல்கிறார்கள்?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டாளாம். "உன் அப்பா பெரிய பகிடிக்காரன்" என்றாராம் அவர்.

"வீட்டில் அப்பா பஸ் வரும் நேரத்தையும் மழையையும் பற்றித்தான் கதைப்பார். அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லையா மாமி?"

உன்னைப் பற்றியா இந்தக் கேள்வி? கடற்கரையில் நின்று பத்துப் பேரை வயிறு நோகச் சிரிக்கவைத்தவனைப் பற்றியா?

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். உன் பர்ஸுக்குள் இருந்ததாம். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தாய். "மேலே உள்ள திகதியைப் பார்த்தால், நான் பிறந்ததிலிருந்து அப்பா இதைக் கொண்டு திரிந்திருக்கிறார். வாசித்துச் சொல்லுங்கள்" என்றாள்.

என்னுடைய கையெழுத்து, தம்பி.

உனக்கு நினைவிருக்கும். பிள்ளை பிறந்த கிழமை நீ எழுதிக் கேட்டாய்: "அக்கா, இவளின்ர தாய் இந்த ஊர்க்காரி. நான் பிள்ளையோட என்ன பாஷையில கதைக்கிறது?" அந்த நேரம் எனக்குள் வேறொன்றும் இருக்கவில்லை. சீனன்குடாவுக்கு வேலைக்குப் போன வழியில் தமிழன் என்று ஆமிக்காரர் உன்னை பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனதும், மூன்று நாள் கழித்து நீ வந்து பேச்சில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததும்தான் இருந்தது. ஒரே மூச்சில் எழுதினேன்: 'பிள்ளைக்குத் தமிழ் வேண்டாம். தாயின் பாஷையே போதும். இது எங்களோடு முடியட்டும்.'

என் தொழில் உனக்குத் தெரியும். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புப் பத்திரத்தை இங்கிலீஷில் எழுதி, உண்மையான மொழிபெயர்ப்பு என்று கீழே முத்திரை குத்துகிற கை இது. யாருடைய பெயரிலும் ஒரு எழுத்துப் பிசகவிட்டதில்லை. அந்த நான் உன் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வாசித்தேன். பிள்ளை பிறந்தது சந்தோஷம், கவனமாகப் பார்த்துக்கொள் என்று என்னென்னவோ சொன்னேன். கடைசி வரியில் விரலை வைத்து, "இது?" என்றாள்.

"நாங்கள் என்றைக்கும் உன்னோடு" என்றேன்.

'இது எங்களோடு முடியட்டும்' என்ற அந்த வரியைத்தான் இப்போது கையில் பச்சை குத்தப் போகிறாள். நாளைக்கு, உப்புவெளியில் வெள்ளைக்காரர் போகிற ஒரு கடையில். அப்பா சுமந்ததைத் தானும் சுமக்க வேண்டுமாம்.

நேற்று நான் வேலை செய்யும் கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் அந்த வரியைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்திருக்கிறாள். கடைக்காரர் நிசார் நானா குறிஞ்சாக்கேணிக்காரர், என் பத்திரங்களுக்கெல்லாம் பிரதி எடுக்கிறவர். அவள் போனதும் கடையை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"மிஸ், இந்தப் புள்ள இதையா கையில குத்தப் போகுது?"

"ஓம் நானா."

"என்ன எழுதியிருக்கெண்டு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நான்தான் மாத்திச் சொன்னனான்."

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப வேற நல்ல வசனம் ஒண்டை எழுதிக் குடுங்களன். ஆருக்குத் தெரியப் போகுது?"

அதையும் யோசித்துப் பார்த்தேன். ஏலாது. கடிதம் அவளிடம்தான் இருக்கும். நோர்வேயில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற ஒரு தமிழ்ச் சனம் வாசித்துச் சொன்னால் போதும். சொல்லாமல் விட்டால் என் கோபம் அவள் தோலில் ஏறிவிடும். சொன்னால், தகப்பனின் வாயை அடைத்தது இந்த மாமிதான் என்று தெரிந்துவிடும். உன் பக்கத்தில் அவளுக்கு என்னை விட்டால் யார்? எனக்கும் அவளை விட்டால் யார்? இரண்டு நாளாக வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறேன், ஒரு கதவும் திறக்கவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். குடை கொண்டுபோ என்றால் நனைந்துகொண்டு வருவாய். சிகரெட்டை விடு என்றால் மற்றப் பக்கம் திரும்பி ஊதுவாய். வாழ்நாளில் நான் சொன்ன ஒன்றையும் கேட்காதவன், இந்த ஒன்றை மட்டும் ஏன் கேட்டாய்?

நாட்டில் சண்டை முடிந்த பிறகு ஒருநாள் போனில் உன்னை ஏசினேனே, ஞாபகமா? "பிள்ளைக்கு ரெண்டு சொல்லுச் சொல்லிக் குடுக்கக் கூடாதோ? என்ன தகப்பன் நீ?" எழுதியதை நான் அடியோடு மறந்திருந்தேன். கடிதம் அப்போதும் உன் பர்ஸுக்குள் இருந்திருக்கும். 'நீதானே அக்கா எழுதினாய்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "ம்" என்று மட்டும் சொன்னாய். அந்த 'ம்' இப்போது என்னைச் சாப்பிட விடுவதில்லை.

இன்று காலை அந்த மூன்று வரியையும் உள்ளபடி இங்கிலீஷில் எழுதினேன். எல்லாருக்கும் எழுதுவது போலவே, மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு என்று கீழே எழுதினேன். முத்திரையும் குத்திவிட்டேன். கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை.

உனக்கு வாக்குத் தருகிறேன். அவள் வந்ததும், தேத்தண்ணீர் வைப்பதற்கு முதல், கையெழுத்துப் போட்டு அதை அவளிடம் கொடுப்பேன். உன் அப்பாவுக்கு உங்களைப் பிடிக்காமல் இல்லை, என் சொல்லை நம்பினான் என்று சொல்வேன். அவள் எழும்பிப் போனால் மறிக்க மாட்டேன். இருந்தாளென்றால் நீ கடற்கரையில் சொன்ன பகிடிகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வேன். இங்கிலீஷில் அவற்றுக்குச் சிரிப்பு வராது என்று தெரியும். ஆனாலும் சொல்வேன்.

வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்கிறது. மூன்று மணிகூட ஆகவில்லை. 'மாமி' என்று கூப்பிடுகிறாள், தம்பி.

அந்த வரியை எழுதிய
உன் அக்கா