பதினான்காம் வரிசையில் ஒரு பிரேக்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் வலது கால் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பவரும் சௌக்கியம்தானே.

அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்தார் என்று போன வாரம் சொன்னேனே, அது பொய். பிள்ளையைச் சுமக்கிறவளைப் பதற வைக்க வேண்டாமென்று இருவரும் கூடிப் பேசிச் சொன்ன பொய். உன் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு அவர் திரும்பி வந்த விமானம், புயல் மழையில் தரையிறங்கும்போது ஓடுபாதையிலிருந்து சறுக்கி, முன்சக்கரம் உடைந்து, சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நூற்று முப்பது பேரில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை, உன் அப்பாவைத் தவிர. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய கால் சும்மா இருக்குமா, பதினான்காம் வரிசையில் உட்கார்ந்தபடி இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறார், கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. எப்படி ஆச்சு என்று கேட்ட டாக்டரிடம் வண்டிய நிறுத்தினேன் என்றாராம். விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு டெய்லரிடம், பைலட்டு நல்ல பையன்தான், ஈரத்துல பிரேக்க விட்டு விட்டுப் புடிக்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல என்று குறைபட்டுக்கொண்டார்.

இவ்வளவு வீரம் பேசியவர் உன் பிரசவத்துக்கு மட்டும் வர முடியாது, கால் வலிக்கிறது என்றார். ஸ்டூலில் ஏறி ஃபேன் துடைக்கும்போது அந்த வலி எங்கே போனதோ தெரியவில்லை. அட்லஸை விரித்து, ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று வழி தேடிக்கொண்டிருந்தார். அந்த வழியில் நாங்கள் வந்து சேர்ந்தால், உன் குழந்தை வாசலுக்கு நடந்து வந்து கதவைத் திறக்கும்.

கேலி செய்கிறேனே தவிர எனக்கும் பயம்தான். அன்று நீ மூன்று முறை போனில் கூப்பிட்டும் எடுக்காமல், பிறகு குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன். உண்மையில் விமான நிலையத்தில் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். நாற்பது நிமிஷம் யாரும் ஒரு தகவலும் சொல்லவில்லை. உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்றுதான் எடுக்கவில்லை. நேற்று அதை அவரிடம் சொன்னேன். நீங்க வரலேன்னா நான் தனியாப் போறேன், இந்தத் தடவ கண்ணாடிக்குப் பின்னால நீங்க நில்லுங்க என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், இரண்டு டிக்கெட்டோடு திரும்பி வந்தார், பக்கத்துப் பக்கத்து சீட்.

சாயங்காலம் நடக்க மறக்காதே, தண்ணீர் வாளியைத் தூக்காதே. தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரசவமாக எங்கள் இருவரின் ஆசி. டிக்கெட் விஷயம் தெரியாதவள் போலவே இரு, அவரே சொல்லட்டும்.

உன் அம்மா