செங்டு பூங்காவில் சொன்ன வயது

அம்மா,

நேற்று மத்தியானம் ஊர் வந்து சேர்ந்தேன். சூட்கேஸின் ஜிப்பை இழுத்ததும் குப்பென்று அந்த வாசம். சீனத்து மிளகு. எலுமிச்சைத் தோலைக் கசக்கின மாதிரி ஒரு வாடை, ஒன்றைக் கடித்தால் நாக்கே மரத்துப் போகும். முதல்முதலாக அதை வாயில் போட்டுவிட்டு, "ஏங்கண்ணு, பல்லு டாக்டர் ஊசி போட்டாப்புல இருக்குதே!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, அதே மிளகுதான். உன் அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்குப் பக்கத்துக் கிண்ணம் இன்னமும் அதற்குத்தான். அழுக்குத் துணியை அப்படியே போட்டுவிட்டு முதல் வேலையாக அதை நிரப்பினேன். நிரப்பும்போதே உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் சீனாவுக்குப் போனதே ஒரு சண்டையில்தானே ஆரம்பித்தது? அப்பா போன பிறகு நம்மூர் கணபதி ஏரியாவில் இருக்கிற லேத் பட்டறையை நான் எடுத்து நடத்தினேன். மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. புது மெஷின் பார்க்க சோங்சிங் வரை போக வேண்டும் என்றதும், "கல்யாணமாகாத புள்ள தனியா அம்புட்டு தூரம் போச்சுன்னா ஒறம்பரையெல்லாம் என்ன பேசும்?" என்றாய். "அப்ப நீயும் வா" என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாய்!

அந்தச் சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றி நீ என்ன சொல்வாய் என்பது எனக்கு மனப்பாடம். "முப்பத்திரண்டு நடக்குதுங்க. ஊட்டுல இருந்தபடிக்கே கணக்குப் பாத்துக்குதுங்க." எனக்கு அப்போது முப்பத்தெட்டு. கல்யாணப் புரோக்கர் சொல்லிக் கொடுத்த பாடம் அது: வயதைக் குறை, பட்டறையை மறை. மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்றைக்கு என் விரலில் இருக்கிற கிரீஸ் கறையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கச் சொல்வாய். கல்யாணம் தட்டிப்போனது எனக்கு வலிக்கவே இல்லை அம்மா. பெற்றவள் வாயிலிருந்து என் வயதும் என் வேலையும் ஒரு தடவைகூட உள்ளபடி வரவில்லை. அதுதான் வலித்தது.

சோங்சிங் உன்னை முதல் நாளே அசத்திவிட்டது. மலைமேல் அடுக்கி வைத்த ஊர். தரையில்தான் நிற்கிறோம் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், கீழே இருபது மாடி இறங்குகிறது. நம் கண்ணெதிரே ஒரு ரயில் குடியிருப்புக் கட்டடத்துக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே போயிற்று. நான் போட்டோ எடுக்கிறேன், நீயோ, "ஊட்டுக்குள்ள ரயில உட்டுப்போட்டாங்கன்னா துணி எங்க காயப்போடுவாங்க?" என்று அவர்களுக்காகக் கவலைப்பட்டாய். எங்கே போனாலும் குடிக்க வெந்நீர்தான் கொடுத்தார்கள். "சிறுவாணித் தண்ணி இல்லாத ஊரு, பாவம், காச்சித்தான் குடிக்கோணும்" என்றாய். ஓட்டல் மெத்தையை நம்பாமல் சென்னிமலைப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து, அதை விரித்துத்தான் படுத்தாய்.

மெஷின் கம்பெனிக்கும் கூடவே வந்தாய். நம்மூரில் பட்டறைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவாயே தவிர, உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. அங்கே ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் மெஷினை ஓட்டிப் பார்த்தேன், கடைந்த ஷாஃப்டை அளந்து சரியில்லை என்றேன், மறுபடியும் ஓட்டச் சொன்னேன். அந்த இன்ஜினீயர்கள் தலையாட்டிக்கொண்டு சரி செய்தார்கள். திரும்பிப் பார்த்தபோது நீ வெந்நீர்க் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வேலை முடிந்து ரயிலில் செங்டு போனோம். ஒரு மாதிரி சாவகாசமான ஊர் அது. பூங்காவில் மூங்கில் நாற்காலி போட்டுக்கொண்டு நாளெல்லாம் டீ குடிக்கிறார்கள். காது குடைந்து விடுகிறவர் இடுக்கியைக் கிண்ணென்று தட்டிக்கொண்டே சுற்றி வருகிறார். வயதான பெண்கள் வரிசை கட்டி ஆடினார்கள். "இது நம்ம வள்ளிக்கும்மியாட்டவே இருக்குதே" என்று நீயும் ஓரமாக நின்று கை தட்டினாய். கல் பெஞ்சு சில்லென்று இருக்கிறது என்று போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தாய். நான் டீ வாங்கப் போனேன்.

வந்து பார்த்தால் ஆளைக் காணோம்! தேடிக்கொண்டு போனால், மரத்துக்கு மரம் கயிறு கட்டித் துணி காயப்போட்டது போல வரிசையாகத் தாள்கள் தொங்குகின்றன. பிறந்த வருடம், உயரம், படிப்பு, சம்பளம். அம்மாக்களும் அப்பாக்களும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வரன் பார்க்கிற இடம் அது. ஆயிரம் பூங்கா இருக்கிற நாட்டில் என் அம்மாவின் கால் நேராக அங்கேதானா போக வேண்டும்? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

நாலைந்து பெண்களுக்கு நடுவில் மொபைலை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாய். பேசினால் சீனத்தில் மாற்றிச் சொல்லும் செயலியை நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். உன் பேச்சு அதற்குப் பிடிபடாததால், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகியிருந்தாய். முப்பத்திரண்டு என்று சொல்லப்போகிறாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

"என் மகளுக்கு வயது முப்பத்தெட்டு" என்றாய். "அவள் லேத் பட்டறை நடத்துகிறாள். பதினான்கு பேர் அவளிடம் வேலை செய்கிறார்கள். அவளுக்குக் கோபம் வரும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது."

குட்டை முடி வைத்த ஒரு அம்மா என்னவோ கேட்டாள். போன் தமிழில் சொன்னது: "என் மகனுக்கு நாற்பது. நன்றாகச் சமைப்பான். உங்கள் மகள் இங்கே வந்து இருப்பாளா?"

"மன்னிக்கவும். நான் மாப்பிள்ளை தேடி வரவில்லை. என் மகளைப் பற்றிச் சும்மா சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நீ இன்னொரு தடவை சொன்னாய். புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் தன் மகனைப் பற்றி அந்தத் தாளில் இல்லாத சங்கதியெல்லாம் அவளும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். புறப்படும்போது நீ சென்னிமலைப் போர்வையை எடுத்து அவளிடம் கொடுத்தாய். பதிலுக்கு அவள் காய்கறிப் பையில் துழாவி ஒரு மிளகுப் பொட்டலத்தை உன் கையில் திணித்தாள்.

"ஏங்கண்ணு அழுகற? டீ ஆறிப்போச்சா?" என்றாய் என்னைப் பார்த்து.

"எதுக்கும்மா சொன்ன?" என்றேன்.

"மெஷினு முன்னால நீ நின்ன நெலையப் பாத்தனல்ல. ஆருகிட்டயாச்சும் சொல்லோணும் போல இருந்துச்சு. நம்மூர்ல சொல்றதுக்கு இத்தன நாளா எனக்குத் தெகிரியம் இல்லாமப் போச்சு கண்ணு."

அந்தத் தைரியம் விமானத்தில் உன்கூடவே வந்து இறங்கியதுதான் அதிசயம். அடுத்த வாரமே புரோக்கர் வந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டு, சீனத்து மிளகைத் தட்டிப் போட்ட ரசத்தை ஊற்றினாய். "வயசு முப்பத்திரண்டுன்னே இருக்கட்டுமுங்களா?" என்று கேட்டவர், ரசத்தை ஒரு வாய் உறிஞ்சினார். அதற்கு மேல் அவருக்கு நாக்கு எழும்பவில்லை.

"முப்பத்தெட்டுன்னு சொல்லுங்க. லேத் பட்டறை வெச்சு நடத்துதுன்னும் சொல்லுங்க. அதுக்கு ஒத்து வாற எடமாருந்தாக் கூட்டியாங்க, இல்லாட்டிப் போச்சாது. பயந்துக்காதீங்க, அது சீனத்து மொளவு, சித்த நேரத்துல சரியாப் போயிரும்."

மனிதர் கன்னத்தைத் தடவிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். ஒத்து வருகிற இடம் ஒன்றும் வரவில்லை, நாமும் தேடவில்லை. அதற்குப் பிறகு கோயில், கல்யாணம், கருமாதி என்று எங்கே போனாலும், "இது என்ற புள்ள, கணபதில பட்டறை வெச்சுருக்குது" என்று கேட்காதவர்களிடமும் சொன்னாய். சில சமயம் கூச்சத்தில் நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். நீ போன அன்றைக்கு, "ஒத்தைப் புள்ளைய உட்டுப்போட்டுப் போயிட்டாளே" என்று ஒரு பெரியம்மா அழுதார். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. இவ்வளவு பெருமையோடு ஒரு மகளை எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள்?

இப்போது இரண்டாவது மெஷினும் வாங்கியாயிற்று அம்மா. தனியாகத்தான் போனேன். சோங்சிங்கில் அந்த ரயில் இன்னும் கட்டடத்துக்குள் புகுந்து வருகிறது, துணி எங்கே காயப்போடுகிறார்கள் என்று இந்தத் தடவையும் தெரியவில்லை. வேலை முடிந்ததும் செங்டு போய் அதே பூங்காவில், அதே கயிற்றடியில் நின்றேன். அந்தக் குட்டை முடி அம்மா இல்லை. வேறொரு அம்மா என் நரையைப் பார்த்துவிட்டு, மகனுக்கா மகளுக்கா என்று போனில் கேட்டாள்.

நானும் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, உன்னை மாதிரியே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "நான் வரன் தேடி வரவில்லை. என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, சொல்லு என்பது போலத் தலையசைத்தாள்.

முதலில் உன் வயதைச் சொன்னேன் அம்மா. ஒரு வருசம்கூடக் குறைக்கவில்லை.