ஐந்தாவது படுக்கை

இன்று காலை டிரெய்லரின் பூட்டைத் திறந்தேன். எட்டு மாதம் மூடிக் கிடந்த வண்டி. ஈரம் ஏறிய பிளைவுட்டும் நீங்கள் ஒட்டிய ஃபோமின் பசையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே ஏறியதும் கதவோரத்துப் பலகையில் நீங்கள் போட்ட பென்சில் கோடுகள் கண்ணில் பட்டன. கீழிருந்து சின்னவள், அத்தை, நான், பெரியவள். நாலு கோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உங்கள் கோணல் எழுத்தில் அடி, அங்குலம். ஐந்தாவது கோட்டைத் தேடினேன். நீங்கள் போடவே இல்லை.

அதைப் பார்த்ததும் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதனால்தான் ராத்திரியில் இதை எழுத உட்கார்ந்தேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் நீங்கள் கம்பெனி கேப் ஓட்டிக்கொண்டிருந்தபோது, வெளிநாடு போகிற யாரோ ஒருவர் தள்ளிவிட்ட சின்ன டிரெய்லர் இது. மர்பி டவுனில் நம் சந்துக்குள் ஸ்கூட்டர் நுழைவதே பெரிய பாடு. இதை டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அதை இழுத்து வந்த நம் பழைய ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு, ராஜா மாதிரி நின்றீர்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு படுக்கை. அதுவும் இரண்டு பேருக்கு.

"நம்ம அஞ்சு பேரு," என்றேன்.

"பத்துக்குப் பத்து ரூம்ல அஞ்சு பேரு படுக்கறோம் இல்ல? இதுல முடியாதா?"

வீட்டில் நாம் பாய் விரித்து வரிசையாகப் படுப்பவர்கள். ஒருவர் புரண்டால் எல்லோரும் புரள்வோம், இடம் எப்படியோ வந்துவிடும். வண்டிக்குள் அப்படி நடக்காது என்பது உங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது. அத்தைக்கு அப்போதே முழங்கால் போய்விட்டது. லாட்ஜ் மாடிப்படி ஏற முடியாது. எழுபது வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. "ஒன்ன வண்டியோட கடல்கிட்ட கொண்டுபோய் நிறுத்தறேன்மா, படிய எறங்குனா மணலு" என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டீர்கள். சொன்ன வாக்குக்காக ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ரம்பமும் கையுமாகக் கிடந்தீர்கள்.

பின்பக்கம் குறுக்கே இருந்த படுக்கை அத்தைக்கும் சின்னவளுக்கும். நடுவில் இருந்த மேசையை இறக்கி இரண்டு பெஞ்சுக்கும் நடுவே பொருத்தினால் எனக்கு. அதற்கு மேலே இரண்டு இரும்புக் குழாயில் கேன்வாஸ் கட்டித் தொங்கவிட்டது பெரியவளுக்கு. நன்றாகத்தான் செய்தீர்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். "உங்களுக்கு?" என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்.

"நான் எங்கனா நீட்டிக்கிறேன், வுடு."

அந்த 'எங்கனா' என்பது ஜீப்பின் பின்சீட்.

போதாக்குறைக்கு அத்தையின் திசை வேறு. யார் தலையும் வடக்கே இருக்கக் கூடாது. வீட்டில் பாயைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. டிரெய்லரில் வண்டியையே அல்லவா திருப்ப வேண்டும்! வண்டியின் மூக்கு கிழக்கே பார்த்து நின்றால் எல்லாத் தலையும் சரி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தீர்கள். நந்தி மலை அடிவாரத்தில் நல்ல நிழலில் நிறுத்திய வண்டியைக் கழற்றி, கைபேசியில் திசை பார்த்து, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளினீர்கள். காவலாளி, "யாக்கே சார், சென்னாகே நில்லிசித்ரல்லா?" என்று தலையைச் சொறிந்தார். நன்றாகத்தானே நிறுத்தியிருந்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு நீங்கள் கன்னடத்தில் ஏதோ சொல்ல, அவரும் சிரித்துக்கொண்டே தள்ள வந்தார்.

மறுநாள் காலை அத்தை டீ டம்ளரோடு மெல்ல நடந்து ஜீப் வரைக்கும் போனார். அங்கிருந்து ஒரு கத்தல்.

"இன்னாடா இது! தலைய வடக்க வெச்சிகினு தூங்கிகீறே!"

வலப்பக்கக் கண்ணாடி மேலே ஏறாது, குளிர் அடிக்கும் என்று தலையை இடப்பக்கம் வைத்திருக்கிறீர்கள். இடப்பக்கம் வடக்கு. எல்லோருடைய தலைக்கும் திசை பார்த்த அத்தை உங்களுடையதைப் பார்க்கவில்லை. ஏனென்றால் நீங்கள் படுக்கைக் கணக்கிலேயே இல்லை. நீங்கள் காலை மடக்கிக்கொண்டு சிரித்தீர்கள். எழுந்து இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான்தான் பார்த்தேன். பார்த்தும், "இந்த வாட்டி ஊருக்குப் போனதும் ஒரு வழி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உப்புமா கிளற உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழவில்லை.

அத்தை அந்த வடக்கை இன்னும் விடவில்லை. "நான் பாத்துருக்கணும், நான் பாத்துருக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சத்தம் போட்டிருக்கிறேன். டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஏறவில்லை. எனக்குத் திசை மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் அத்தை சொல்லும் அந்த 'பாத்துருக்கணும்' மட்டும் எனக்கும் தைக்கிறது.

இப்போது அத்தைக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. காலுக்குத் தலையணை வைத்துத் தனியாகத்தான் படுக்க வேண்டும். சின்னவளோ தூக்கத்தில் கராத்தே போடுகிறவள். கடலுக்குப் போக வேண்டும் என்றால் இன்னொரு படுக்கை வேண்டும். நீங்கள் போன பிறகும் இந்த வண்டியில் ஒரு படுக்கை குறைகிறது, பாருங்கள்!

என் பிழைப்பே படுக்கை போடுவதுதான். எலெக்ட்ரானிக் சிட்டி பிஜி ஹாஸ்டலில் மூன்று கட்டில் அறையில் நாலாவது கட்டிலை நுழைக்கிற வார்டன் நான். இங்கே ஒரு ஆளுக்கு இடம் பிடிக்க முடியவில்லை. நடைபாதையில் மெத்தை போட்டால் கதவு திறக்காது. அத்தை அவசரத்துக்கு எப்படி இறங்குவார்? மேலே இன்னொரு கேன்வாஸ் கட்டினேன். குழாய் பிடுங்கிக்கொண்டு பெரியவள் என் மேசைப் படுக்கையில் வந்து விழுந்தாள். எந்தத் திருகு எங்கே என்று ஒரு தாளில் எழுதி வைத்தீர்களா நீங்கள்? எல்லாம் உங்கள் மண்டைக்குள். மண்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

முழங்கையைத் தேய்த்துக்கொண்டே பெரியவள் சொன்னாள்: "விடுமா. நான் ஜீப்ல படுத்துக்கறேன், அப்பா மாதிரி."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "ஜீப்ல யாராவது படுத்தீங்க, வண்டிய வித்துடுவேன்!" டயர் கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் சாயங்காலம் ரஃபீக் பாயைக் கூட்டி வந்தேன். நாலு தெரு தள்ளி மரவேலை செய்பவர். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், பின்படுக்கையைத் தட்டினார்.

"இதுக்கு அடியில காலிதான் மேடம். டிராயர் மாதிரி ஒரு பலகை பண்ணி வுடறேன். ராத்திரி இழுத்தா படுக்கை, காலைல தள்ளிட்டா வழி. கதவும் தொறக்கும். எத்தனை பேரு, யாரு எங்க, சொல்லுங்கோ."

சொன்னேன். அத்தை பின்னால், அவருக்குப் பக்கத்திலேயே கீழே இழுக்கிற பலகையில் சின்னவள். மேசைப் படுக்கை இனி பெரியவளுக்கு, கேன்வாஸில் அவள் கால் வெளியே நிற்கிறது.

"நீங்கோ?"

"நான் எங்கனா நீட்டிக்கிறேன் பாய், அத வுடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. அப்படியே உங்கள் குரல். அந்த 'எங்கனா'கூட மாறவில்லை. பெரியவள் என்னையே பார்த்தாள்.

அத்தை வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாக்கரை ஊன்றி எழுந்தார். படி ஏற முடியாதவர், இரண்டு பேத்திகளையும் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"அந்தப் பேச்சு இந்த வண்டில இனிமே யாரும் பேசக் கூடாது," என்றார். பிறகு பாயைப் பார்த்து, "சின்னது கேன்வாஸ்ல படுக்கும், அதுக்குப் போதும். என் பக்கத்துல இவ படுப்பா. அளங்க. தெக்க தல."

எல்லோர் முன்னாலும் வண்டித் தரையில் நான் நீட்டிப் படுத்தேன். பாய் டேப்பை இழுத்தார். "அஞ்சடி ஒண்ணு. அஞ்சடி ரெண்டுல வெட்டிடறேன் மேடம். மிச்ச எடத்துல தண்ணி கேன் வெச்சிக்கலாம்."

படுத்தபடி மேலே பார்த்தேன். கதவு நிலையில் நீங்கள் ஒட்டிய ஃபோம் துண்டு தெரிந்தது. உள்ளே வரும்போதெல்லாம் நெற்றியில் இடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே ஒட்டியது.

"அவரு எவ்ளோ உசரம் அத்தை?" என்றேன். பத்தொன்பது வருடம் உங்களோடு வாழ்ந்தவள் கேட்கிற கேள்வியா இது?

அத்தை ஒரு கையால் பெரியவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மறு கையை ஃபோம் துண்டுக்கு மேலே கொண்டுபோகப் பார்த்தார், கூன் முதுகுக்கு எட்டவில்லை. பெரியவளின் கையைப் பிடித்து, "நெத்தி இங்க. அதுக்கு மேல நாலு வெரலு வை," என்றார். சின்னவள் பெஞ்சின் மேல் ஏறி அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். பாய் அளந்தார். ஐந்தடி பத்து.

பலகையை அந்த அளவுக்கே வெட்டச் சொல்லிவிட்டேன். பாய் இரண்டு முறை கேட்டார், தண்ணி கேனுக்கு இடம் போய்விடும் என்று. போகட்டும் என்றேன்.

கடற்கரைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். உங்கள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் ஏற்றிக்கொண்டுதான் வருகிறேன். படுத்தால் என் கால்மாட்டில் ஒரு சாண் மிச்சம் இருக்கும். அங்கே யாரும் எதையும் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.