கொழும்புக்கு இரண்டு முறை போய் வந்த செற்

தேத்தண்ணி ஆறிப்போவதும் தெரியாமல் வானலையில் கதைத்துக்கொண்டிருந்த என் அன்பு அண்ணைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உரும்பிராயில் இந்த முறை மழை பிந்தித்தான் பெய்தது. பின்வளவு வாழையில் இரண்டு குலை தள்ளியிருக்கிறது. உங்கள் அறையை நான் இன்னும் ஒதுக்கவில்லை. உங்கள் வானொலிச் செற் மேசையில் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அந்தச் செற்றைப் பற்றி உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தனியாக உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களைக் கேலி செய்தது நாலு பேர் கேட்கும் இடத்தில். அதனால் நாலு பேர் படிக்கும் இடத்தில்தான் இதை எழுத வேண்டும்.

படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சண்டைக் காலத்தில் பற்றரி வைத்திருப்பதற்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்த ஊர் இது. சண்டை முடிந்தபின் நீங்கள் முறையாகச் சோதனை எழுதி, அமெச்சூர் வானொலிக்கு அனுமதிப்பத்திரம் எடுத்தீர்கள். கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், தென்னைக்கும் பனைக்கும் நடுவில் அன்ரனாவாக ஒரு செப்புக் கம்பியைக் கட்டிவிட்டு, கொழும்போடும் சென்னையோடும் ஒருமுறை ஜப்பானோடும் கதைத்தார். கம்பி முழுக்க உங்கள் கைவேலை. பௌதிகம் படிப்பிக்கிற எனக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் தெரிந்தது.

செற்றை, காசு அனுப்பி, கொழும்பில் இந்தச் சாமான்கள் மட்டும் விற்கும் ஒரு கடையிலிருந்து எடுப்பித்தீர்கள். கடைக்காரரும் அனுமதிப்பத்திரம் உள்ளவர். நம் பக்கத்து ஆள். ஞாயிறு காலைகளில் தமிழ் ஆட்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவதை நடத்துகிறவரும் அவர்தான். யார் எப்போது பேசலாம் என்று அவர்தான் அழைப்பார். அவர் முகத்தை நீங்கள் ஒருநாளும் கண்டதில்லை. கொழும்புத் தம்பி என்று வீட்டில் பெயர் வைத்திருந்தோம். செற் பெட்டிக்குள் உத்தரவாதக் கடதாசி இல்லை என்று நான்தான் கவனித்தேன்.

"ஏன் கேட்டு வாங்கேல்லை?"

"ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறவன், பிள்ளை. அவனிட்டைக் கடதாசி கேக்கிறதே?"

குரலைத் தெரிந்தால் ஆளைத் தெரியும் என்று நினைத்தீர்கள். உங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

இரண்டாம் வருஷம் செற்றில் குறை வந்தது. பேசத் தொடங்கி நாலு நிமிடம் ஆனதும் செற்றின் மீற்றர் ஊசி கீழே விழும், மற்றப் பக்கத்தில் உங்கள் குரல் தேய்ந்துபோகும். "உள்ளுக்கை ஏதோ சூடேறிப் படுக்குது. திறந்து பாக்கச் சொல்லி எழுது" என்றீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினோம்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தது. கூடவே தலைப்பு அச்சிட்ட ஒரு தாள். செற்றில் குறை எதுவும் இல்லை, வீட்டில் கட்டிய அன்ரனாவைச் சரிபார்க்கவும் என்று அதில் இருந்தது.

அந்த ஞாயிறே அவர் அதை எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "அண்ணையின்ரை செற் அந்தமாதிரி இருக்கு, ஒரு குறையும் இல்லை. கம்பிதான் சரியில்லை. கடையிலை ரெடிமேட் அன்ரனா இருக்கெண்டு சொல்லுறன், அண்ணை கேக்கிறாரில்லை." மற்றவர்களுக்கு அது போதும். வல்வெட்டித்துறைத் தேவன், படகுகளின் வானொலி திருத்துகிறவர், "அண்ணை, கம்பியிலை காகம் இருக்குதோ? ஒருக்காக் கலைச்சுப்போட்டுக் கதையுங்கோ" என்றார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நான் குசினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அந்தக் கம்பியை ஏழு தரம் அவிழ்த்துக் கட்டினீர்கள். நீளத்தை வெட்டினீர்கள், கூட்டினீர்கள், ஈயம் வைத்தீர்கள், பனையிலிருந்து வேம்புக்கு மாற்றினீர்கள். ஒருநாள் வெயிலில் வியர்த்துப்போய் வந்து உட்கார்ந்தபோது நான் சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

"கடைக்காரனிட்டை மெஷின் இருக்கு, அண்ணை. உங்களிட்டை இருக்கிறது தென்னைமரம்."

"அதுவும் சரிதான்" என்றீர்கள்.

சில நாள் கழித்து, "உவங்கள் திறக்கேல்லை, பிள்ளை" என்றீர்கள். நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே "என்ன ஆதாரம்?" என்று கேட்டேன். பிள்ளைகளிடம் வகுப்பில் கேட்கிற அதே குரலில். நீங்கள் எழும்பி வாசல் கேற்றடிக்குப் போனீர்கள். செற் இரண்டாம் முறையும் கொழும்புக்குப் போனது.

இந்த முறை வந்த தாளில் "பழுது பார்க்கப்பட்டது" என்று இருந்தது. ஞாயிறு காலை கடைக்காரரே உங்களை முதலில் அழைத்து, "ஐந்து ஒன்பது, அண்ணை! கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். ஐந்து ஒன்பது என்றால் தெளிவிலும் பலத்திலும் குறையே இல்லை என்று அர்த்தம். உங்கள் கூட்டத்தில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மரியாதைக்கு அதைத்தான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு நிமிடத்தில் அவர் உங்களிடம் விடைபெற்றுக்கொண்டார். நீங்கள் மைக்கை வைத்தீர்கள். சந்தோஷம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் கதைப்பது குறைந்தது. ஞாயிறுகளில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "கேக்கிறதும் நல்லதுதான்" என்றீர்கள். வைகாசியில் ஒரு முற்பகல், நான் பள்ளிக்கூடத்தில் நிற்கும்போது, உங்கள் இதயம் நின்றுவிட்டது. பள்ளிக்கூட வாசலுக்கு வந்த ஆட்களைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின், காற்றுக் காலத்தில் கம்பி அறுந்து பக்கத்து வளவில் விழுந்துவிடும் என்று பயந்து, அதைக் கழற்றத் தேவனைக் கூப்பிட்டேன். வந்தவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொறுங்கோ, தங்கச்சி. அளந்துபோட்டுக் கழட்டுவம். மனுசன் என்னதான் கட்டினவர் எண்டு பாப்பமே."

சின்ன மீற்றர் ஒன்றைக் கம்பியில் கொழுவினார். பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கொழுவினார்.

"உது என்னட்டை இருக்கிற கடைச்சாமானை விடத் திறமாயிருக்கு. உங்கடை அண்ணர் உதை வைச்சுக்கொண்டோ எங்களிட்டைப் பேச்சு வாங்கினவர்?"

பிறகு செற்றைப் பார்க்க வேண்டும் என்றார். அவரிடம் ஒரு பழைய பால்மா ரின் இருந்தது. உள்ளே எண்ணெயும் ஒரு மின்தடையும். அன்ரனாவுக்குப் பதிலாக அதைக் கொழுவினால், செற் அனுப்புகிறதெல்லாம் அந்த எண்ணெய்க்குள் சூடாகப் போய்விடும். கம்பிக்கு அங்கே வேலையே இல்லை. மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் பேசினார், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு நிமிடம் ஆக ஊசி விழுந்தது.

செற்றைக் கவிழ்த்தவர், "ஆர் உதிலை பெயின்ற் அடிச்சது?" என்று கேட்டார்.

அடிமூடியில் நாலு திருகு. நாலிலும் ஒரு பொட்டுப் பச்சை, பாதி திருகின் தலையில், பாதி மூடியில். நம் வாசல் கேற்றுக்கு அடித்த பச்சை, அண்ணை. இரண்டாம் முறை அனுப்புவதற்கு முதல் கிழமை நீங்கள்தான் கேற்றுக்கு அடித்தீர்கள். திருகைச் சற்றுத் திருப்பியிருந்தாலும் அந்தப் பொட்டு வெடித்திருக்கும். ஒன்றிலும் ஒரு கீறல் கூட இல்லை.

தேவன் கதிரையில் இருந்துவிட்டார். "காகம் எண்டு கேட்டவன் நான்" என்றார். கம்பியைக் கழற்றாமலே போனார்.

ஆதாரம் கேட்டவள் நான். ஆதாரத்தைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறீர்கள், அது திரும்பியும் வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஞாயிறு மைக்கை வைத்தீர்கள். ஏன் என்னிடம் காட்டவில்லை? இத்தனை வருஷம் கதைத்தவன் பொய்க்காரன் என்று வாயால் சொல்ல மனம் வரவில்லையா? இல்லை, அப்போதும் நான் அவர் பக்கம்தான் நிற்பேன் என்று நினைத்தீர்களா?

தேவனைச் செற்றைத் திறக்க விடாமல், அப்படியே கட்டிக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினேன். கடையில் குளிரூட்டி, கண்ணாடி அலுமாரிகள். வரவேற்பு மேசையில் இருந்த பெண், "மிஸ், ரிப்பெயார்னா இந்த ஃபோமை நிரப்புங்க" என்று சிரித்தாள். ஓனரைக் காண வேண்டும் என்றேன். குரலைக் கேட்டதும் அவர்தான் என்று தெரிந்துவிட்டது. உங்கள் படத்தைத் தொலைபேசியில் வைத்திருந்தார். கண் கலங்கினார். எனக்குக் குளிர்சோடா எடுப்பித்தார். நான் செற்றைக் கவிழ்த்துப் பச்சைப் பொட்டுகளைக் காட்டினேன்.

ஒரு பொட்டை விரலால் தடவிப் பார்த்தவர், "உண்மையைச் சொல்லட்டே, அக்கா?" என்றார். "உந்த மொடலுக்கு எங்களிட்டை ஆள் இல்லை. பார்ட்ஸும் வரேல்லை. அண்ணைக்கு ஏலாது எண்டு சொல்ல மனம் வரேல்லை."

"அதுக்குக் கம்பி பிழை எண்டு எல்லாருக்கும் சொல்லுறதோ?"

அவர் கணினியைத் திருப்பி வைத்தார். கோபமாக அல்ல, மெதுவாகத்தான். "கம்பி எண்டு முதல் சொன்னது நாங்கள் இல்லை, அக்கா. நீங்கள்தான் எழுதினீங்கள்."

என் மின்னஞ்சல். நீங்கள் திறந்து பார்க்கச் சொன்னதை நான் பணிவாக மாற்றி எழுதியிருந்தேன். அதன் கீழே, நீங்கள் சொல்லாத ஒரு வரி. என் சகோதரர் வயதானவர், அன்ரனா அவரே வீட்டில் கட்டியது, குறை அதிலும் இருக்கலாம். நியாயமாக நடந்துகொள்வதாக நினைத்து எழுதிய வரி. சந்தேகம் எப்போதும் நல்லது என்று நம்புகிறவள் நான். அந்தச் சந்தேகத்தை உங்கள் கைவேலை மேல் மட்டும் வைத்தேன். தலைப்பு அச்சிட்ட ஒரு தாளின் மேல் வைக்கத் தோன்றவில்லை.

அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அண்ணை. அதை நான்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

புதுச் செற் மாற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஞாயிறு காலை, எல்லாரும் இருக்கும்போது, அண்ணையின் கம்பியில் பிழை இல்லை, செற்றை நாங்கள் திறக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். "கட்டாயம், அக்கா. அது என்ரை கடமை" என்று நெஞ்சில் கை வைத்தார். நம்பினேன். வாசலில் இறங்கும்போது, உங்களுக்கு ஏதோ செய்துவிட்டதாக ஒரு நிம்மதி கூட இருந்தது.

ஞாயிறு, அவர்கள் பேசுவதைக் கேட்க மட்டும் முடிகிற உங்கள் சின்ன ரேடியோவில் காத்திருந்தேன். "உரும்பிராய் அண்ணையின்ரை தங்கச்சி கடைக்கு வந்தவ. எல்லாம் சுமுகமாய் முடிஞ்சுது" என்றார். அவ்வளவுதான். யாரோ ஒருவர், "கம்பி இன்னும் நிக்குதோ?" என்று கேட்க, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்த ஞாயிறு தேவன் சொல்ல வெளிக்கிட்டார். "அந்த அன்ரனா விஷயம், நான் அளந்து பாத்தனான்..." என்று தொடங்கியதும், "தேவன், செத்த மனுசனை ஏன் இப்ப இழுப்பான்? அண்ணையின்ரை ஆத்மா சாந்தி அடையட்டும். அடுத்த ஆள்" என்று கடைக்காரர் வெட்டிவிட்டார். குரல் தேன் மாதிரி இருந்தது. உங்களுக்குத் தெரிந்த அதே குரல்.

அனுமதிப்பத்திரம் இல்லாதவள் அங்கே கேட்கலாம், பேச முடியாது. ரேடியோவுக்கு முன்னால் இருந்து, "பொய்" என்று உரக்கச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். செற்றைத் தேவன் போன கிழமை திறந்தார். உள்ளே ஒரு பாகம் சூட்டில் கறுத்துக் கிடந்தது. படகு வானொலி ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்தியிருக்கிறார். அரை மணித்தியாலம் விட்டுப் பார்த்தோம், ஊசி விழவில்லை. நான் சோதனைக்கு விண்ணப்பித்துவிட்டேன். பௌதிகம் தெரிந்ததுதான். சட்டதிட்டங்களைத்தான் பாடமாக்க வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் பாடமாக்குவது லேசில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறிந்தால் சிரிப்பார்கள்.

பத்திரம் கைக்கு வந்த முதல் ஞாயிறு, உங்கள் கதிரையில் இருந்து, உங்கள் கம்பியால் என் முறையைக் கேட்பேன். கடை உங்கள் செற்றைத் திறக்கவில்லை என்று சொல்வேன். அதற்கு முதல், அந்தப் பழியை எழுதிக் கொடுத்தவள் நான் என்று சொல்வேன். இரண்டையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன். அவர் "அடுத்த ஆள்" என்று வெட்டினால், அதற்கடுத்த ஞாயிறும் வருவேன். எத்தனை ஞாயிறு என்று நான் எண்ணப்போவதில்லை, அண்ணை.

இப்படிக்கு,
உங்களை விட்டுவிட்டு ஒரு தாளை நம்பிய
உங்கடை தங்கச்சி