என் தெரு, தங்கையின் பூங்கா

மார்ச் 4
பழைய பேருந்துப் பணிமனை நிலம் ஒருவழியாக நகராட்சி கைக்கு வந்துவிட்டது. கீழே கடைகள், மேலே வீடுகள், நடுவே பூங்கா. பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் வண்டியை எடுக்க வேண்டாத தெருக்கள். இத்தனை காலம் நான் வரைந்து வரைந்து அழித்த திட்டம். இன்று மேலதிகாரி கூப்பிட்டார். பூங்காவை மட்டும் வெளியாள் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்களாம்.

"உங்க தங்கச்சிதானாமே? முன்னாடியே சொல்லக்கூடாதா?"

சிரித்து வைத்தேன்.

மார்ச் 6
தங்கைக்குப் பூங்கா கிடைத்ததை அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லியாயிற்று. நான் அதே அலுவலகத்தில் பழங்கதையாகிக் கிடப்பதை யாரிடமாவது சொல்லியிருப்பாளா?

மார்ச் 19
பூங்காவை வரையச் சொன்னால் தெருவில் கை வைத்துவிட்டாள். என் வரைபடத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, நடுத்தெருவில் வண்டியே வேண்டாம், மரங்களைக் கடைவாசல்வரை கொண்டுவரலாம் என்றாள். எல்லோரும் எழுந்துவந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் ஆத்திரம். மோசமாக இருந்திருந்தால் நல்ல அக்காவாக நடந்துகொண்டிருப்பேன்.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"வடிகாலப் பாத்துக்கோ" என்றேன்.

மார்ச் 20
அவள் போடும் கோடுகூட அழகாக இருக்கிறது. சனியன்.

ஏப்ரல் 9
பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். வண்டி வராத தெருவில் சரக்கை எப்படி இறக்குவது என்று அங்கே கடை போடவிருக்கும் மளிகைக்கடைக்காரர் கேட்டார். மருந்துக்கடை அம்மாளும் சேர்ந்துகொண்டார். தங்கை தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள். பதில் அவளிடம் இல்லை.

என்னிடம் இருந்தது. கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து விட்டால் போதும், லாரி அதிலேயே வந்து போய்விடும். சொல்லவில்லை. தவிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரத்துக்குள் வழி சொல்லாவிட்டால் லாரிக்காகப் பூங்காவின் நடுவே தார்ச்சாலை என்று நகராட்சித் தலைவர் சொல்லிவிட்டார். அப்போதும் சும்மாதான் இருந்தேன். என்ன ஜென்மமோ நான்!

ஏப்ரல் 10
மாலையில் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"உனக்குப் பதில் தெரியும். நேத்து பேனாவத் திறந்து திறந்து மூடிட்டிருந்தியே, பாத்தேன்க்கா."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "எல்லாமே உனக்குத்தான் வேணுமாடி? அம்மா, ஆபீசு, இப்ப என் தெருவும்!"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "உன்னப் பாத்துப் பாத்துத்தான் இந்தப் படிப்பே படிச்சேன். அதுக்கு மன்னிப்பா கேக்கணும்? என்னப் பிடிக்கலன்னா போகுது. பூங்காவ விட்டுடாத."

கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 16
மறுபடியும் கூட்டம். எழுந்து நின்றேன். அவள் தாளிலேயே, அவள் கோட்டை ஒட்டியே, பின்சந்தை வரைந்து காட்டினேன். மளிகைக்கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழைக்கு மூட்டை நனையாமல் கூரை உண்டா என்றார். உண்டு என்றேன். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

தங்கைக்காகவா செய்தேன்? தெரியவில்லை. தார்ச்சாலையை நினைத்தால் பொறுக்கவில்லை.

ஏப்ரல் 17
செய்தித்தாளில் அவள் படம். ஓரத்தில் என் முழங்கை.

அடுத்த ஆண்டு, ஆகஸ்ட் 21
நடுத்தெருவைத் திறந்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் யாரும் தள்ளாமல் தானே பூங்காவரை போய்த் திரும்பினார். நான் அவர் பின்னாலேயே நடந்தேன், காரணமில்லாமல்.

ஆகஸ்ட் 30
ஆற்றுக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னொரு குடியிருப்பு. தங்கைதான் தலைமை. போன் செய்தாள். தெருக்களை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மேலதிகாரியும் என்னை அனுப்பச் சம்மதித்துவிட்டாராம்.

"எனக்குக் கீழன்னு பாக்காதக்கா."

"பாக்கத்தான் செய்வேன்" என்றேன். அவள் சிரித்தாள். நானும்.

திங்கட்கிழமை போய்ச் சேர்கிறேன். தனக்கு அடுத்த மேசையை எனக்கு ஒதுக்கியிருக்கிறாளாம். சுவரோரமாக வேறொன்றைப் போனிலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவ்வளவு நல்லவள் ஆகிவிடவில்லை நான்.