குருத்தோலை ஒட்டிய அட்டை

அன்புள்ள மாமா,

இருமல் குறைந்ததா? அத்தையின் முழங்கால் தேவலையா? நான் சௌக்கியம்.

காதலர் தினத்துக்கு என் கையாலேயே உங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். சிவப்புத் தாளும் கோந்தும் தந்தது வீட்டுக்கார ஜோசஃபின் ஆன்ட்டிதான். அலங்காரத்துக்கு, ஆன்ட்டி வீட்டு ஏசு படத்தின் பின்னால் செருகியிருந்த காய்ந்த ஓலையை எடுத்து, இதயமாக மடித்து ஒட்டிவிட்டேன். பார்த்தால், அது போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று பாதர் மந்திரித்துக் கொடுத்த ஓலையாம்! சாம்பல் புதனுக்கு எரிக்க, சர்ச்சில் திருப்பிக் கொடுக்க வேண்டியதாம். அவசரமாகப் பிய்த்தெடுக்கப் போனேன். ஆன்ட்டி சிரித்தார்.

“எரியப்போற ஓலைதானே? உன் வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சேரட்டும், விடும்மா.”

ஆன்ட்டி இருக்கும்போது எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மேசை துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள்
சுகுணா