ஒன்பது பேர் அறைக்கு ஒரு சட்டம்

11.7.97, வெள்ளி

லீவ் பாஸாகிவிட்டது. ஆகஸ்ட் 22 முதல் இரண்டு மாதம். மனசு இப்போதே இந்தப் பாலைவனத்துச் சோனாப்பூர் கேம்ப்பை விட்டுக் கிளம்பிவிட்டது.

இந்த ஒன்பது பேர் அறையின் மெஸ்ஸைப் பதினோரு வருடமாக நான்தான் நடத்துகிறேன். முதலில் அடுப்பு பற்ற வைத்தவன் நான். அதனால் என்ன குழம்பு, யார் சமையல், ஏசி எப்போது — எல்லாம் என் வாய்ச்சொல்தான். நான் லீவில் போனால் பெருமாள் அண்ணன் பார்த்துக்கொள்வார். அவர் விசா கேன்சலாகி ஊரோடு போய்விட்டார். இனி மணிகண்டன்தான். சந்தியாவின் தம்பி, என் மச்சினன். வந்து எட்டு மாதம் ஆகிறது. சாப்பாட்டின்போது அறிவித்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. மௌனம் சம்மதம்.

14.7.97

சம்மதம் இல்லை போலிருக்கிறது. ராமையா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பிளம்பிங் வேலை, அறந்தாங்கிக்காரன், அறையிலேயே நன்றாகச் சமைப்பவன். இன்று ரசத்தில் உப்பு தூக்கல். கை தவறியதா, கோபமா?

18.7.97, வெள்ளி

கேம்ப் பாஸ் கூப்பிட்டார். சுதந்திரம் வாங்கி ஐம்பது வருடம், ஆகஸ்ட் 15 அன்று ஹாலில் கூட்டம், மொழிக்கு ஒருவர் பேச வேண்டும். தமிழுக்கு நான். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: விடுதலை வாங்கியவர்கள் ஏன் ஒரு ராஜாவை உட்கார வைக்கவில்லை?

சுலபம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். யோசித்தால் ஒன்றுமே தெரியவில்லை! பத்தாவதில் மனப்பாடம் செய்தது எங்கே போயிற்று?

25.7.97, வெள்ளி

கேம்ப் வாசலில் கௌஸ் முகம்மதுவின் மளிகைக் கடை. பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய பேப்பர் கட்டிலிருந்து சுதந்திர மலர்களைத் தேடிக் கொடுத்தார். ஐந்நூற்றுச் சொச்சம் சமஸ்தானமாம். யாரை ராஜாவாக்குவது? ஒருவருக்கு முடி சூட்டினால் மற்றவர் சும்மா இருப்பாரா? அதோடு, ஜெயிலுக்குப் போனதும் அடி வாங்கியதும் சாதாரண ஜனம். வெள்ளைக்காரன் போன மறுநாள் அந்த ஜனத்திடம், "நீ போய்யா, ராஜா பார்த்துக்கொள்வார்" என்று சொல்ல முடியுமா?

கௌஸ் முகம்மது ஓர் எச்சரிக்கையும் தந்தார். "இந்த ஊர் ஷேக் ஆட்சியப் பத்தி மட்டும் மேடையில வாயத் தொறந்துராதீங்கண்ணே. அவங்களுக்கு அவங்க வழி, நமக்கு நம்ம வழி."

நியாயம்தான். ஆனால் ஒன்று இடிக்கிறது. ராஜா நல்லவராக இருந்தால் என்ன கெட்டுவிடும்?

1.8.97, வெள்ளி

பழகட்டும் என்று இந்த வாரம் மெஸ்ஸை மணிகண்டனிடம் விட்டேன். முட்டாள் பயல், ராமையாவுக்கு மூன்று நாள் சமையல் போட்டுவிட்டுத் தனக்கு ஒரு நாள்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் ராமையா வெடித்துவிட்டான்.

"சோலையண்ணே, உங்களக் குறை சொல்லல. பதினோரு வருசம் பசியில்லாமப் பாத்துக்கிட்டீக. ஆனா உங்க மச்சினங்கிறதத் தவிர இவன்ட்ட என்ன இருக்கு? இவன் தப்புப் பண்ணினா யார்ட்டப் போயிக் கேக்குறது? நாங்க அஞ்சு பேரும் அடுத்த ரூம் மெஸ்ஸுக்குப் போறோம். கலாஸ், முடிஞ்சு போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வைத்த அடுப்புடா இது! "போறவன் போகலாம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? ஐந்து பேர் போனால் மெஸ் ஏது? பதினோரு வருடம் ஒரே சட்டியில் தின்றவர்கள்.

அப்புறம் பேச்சுத் தாளை எடுத்தேன், கோபத்தை மறக்கத்தான். எழுத முடியவில்லை. ராமையா கேட்டதுதான் என் கேள்விக்குப் பதில். ராஜா நல்லவராகவே இருக்கட்டும், அடுத்து வருகிறவனை யார் பொறுக்குவது? சரியில்லை என்றால் எப்படி இறக்குவது? இதற்குத்தான் மூன்று வருடம் உட்கார்ந்து அரசியல் சட்டம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

8.8.97, வெள்ளி

எல்லாரையும் உட்கார வைத்து, "நான் சொன்னது தப்பு. எழுதி வச்சு நடப்போம்" என்றேன். யாரும் நம்பவில்லை. ராமையாதான் முதலில் சிரித்தான்.

காலண்டர் தாளின் பின்பக்கம் நானே எழுதினேன். சமையல் முறை எல்லாருக்கும் சமம். ஒரு பொங்கலிலிருந்து மறு பொங்கல்வரை ஒரு தலைவர். ஓட்டு ரகசியம். "தலைவரும் பாத்திரம் கழுவணும், அதையும் எழுதுங்க" என்றார்கள். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் சண்டை. எழுதினேன்.

வருகிற பொங்கல்வரைக்கும் தலைவர் யார் என்று ஓட்டுப் போட்டோம். ராமையாவுக்கு ஆறு, மணிகண்டனுக்கு மூன்று. பயலின் முகம் சுண்டிவிட்டது. சந்தியாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்!

15.8.97

பேசினேன். கை தட்டினார்கள். ராமையா விசிலடித்தான்.

31.10.97, வெள்ளி

ஊரிலிருந்து வந்து ஒரு வாரம். அங்கே போய் இறங்கியதுமே சந்தியா பிடித்துக்கொண்டாள். "என் தம்பிய நடுரூம்ல தோக்க விட்டுட்டு வந்திருக்கீக" என்றாள்.

வந்ததும் ராமையா, "இந்தாங்கண்ணே, நீங்களே பாருங்க" என்று மெஸ் சாமான் சீட்டை நீட்டினான். வாங்கக் கை நீண்டுவிட்டது, உண்மைதான். "பொங்கல்வரைக்கும் நீதான்டா" என்று கையை இழுத்துக்கொண்டேன். சரி என்று செவ்வாய்க்கிழமை பாத்திரத்தை என் தலையில் கட்டிவிட்டான், படுபாவி.

மணிகண்டன் இப்போது மீன் குழம்பு வைக்கிறான். ராமையாவிடம்தான் கற்றிருக்கிறான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

16.1.98, வெள்ளி

நோன்பு மாதம், வெள்ளிக்கிழமை ஓவர்டைம் கிடையாது. அதனால் எல்லாரும் ஓய்வாக இருந்தார்கள். கௌஸ் முகம்மது ஒரு வாளி நோன்புக் கஞ்சி அனுப்பியிருந்தார். அதைக் குடித்துவிட்டு ஓட்டுப் போட்டோம். ராமையா, "போதும்ப்பா சாமி" என்று ஒதுங்கிக்கொண்டான். நின்றது நானும் மணிகண்டனும்.

மணிகண்டனுக்கு ஐந்து. எனக்கு நான்கு.

அறையே அவனைத் தூக்கிக்கொண்டு ஆடியது. நானும் ஆடினேன். உன் தம்பி ஜெயித்துவிட்டான் என்று சந்தியாவுக்கு நாளை எழுத வேண்டும். யாரைத் தோற்கடித்தான் என்பதை அவனே எழுதிக்கொள்ளட்டும்.

ஒரே ஓட்டு வித்தியாசம். என் சீட்டில் யார் பெயரை எழுதினேன் என்பதை இந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை. ரகசியம் என்று சட்டம் எழுதியவனே நான்தான்.